இரண்டாவது பொத்தான்

"சட்டைப் பையில இருக்கிறதை எடுத்து மேஜை மேல வைங்க" என்றார் மேனேஜர்.

சிடுமூஞ்சி அசையவில்லை. ஷூ கம்பெனியில், ஹீல் அடிக்கும் பிரிவில் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துப் பல வருடங்களாகிவிட்டன. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

"மாப்ளே, சார் சொல்றது காதுல விழலையா?" என்றார் சூப்பர்வைசர். அவருடைய தங்கையைத்தான் சிடுமூஞ்சி கட்டியிருந்தார்.

"விழுந்துச்சு மச்சான்."

"அப்புறம் என்ன?"

"யோசிக்கிறேன்."

விஷயம் இதுதான். சிடுமூஞ்சிக்கு அடுத்த மெஷினில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே எல்லோரையும் விட அதிக ஜோடிக்கு ஹீல் அடித்தாள். சுவர்ப் பலகையில் முதல் வரியில் அவள் பெயர் ஏறியது. அதுவரை அங்கே இருந்தது சிடுமூஞ்சியின் பெயர்.

எல்லோரும் அவளை எக்ஸ்பிரஸ் என்றார்கள். சிடுமூஞ்சி மட்டும், "கையைப் பார்த்து வேலை செய்" என்று ஒரே ஒரு தடவை உறுமினார். வயிற்றெரிச்சல் என்று பிரிவே பேசிக்கொண்டது.

இதே வேகத்தில் போனால் இந்த மாதமே வேலை நிரந்தரம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகுதான் அந்தச் சிக்கல் ஆரம்பித்தது. காலையில் அவள் மெஷின் நொண்டியடிக்கும். டீ இடைவேளைக்குப் பிறகு பழையபடி பறக்கும்.

கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். ஷிப்ட் தொடங்கும் முன்பே சிடுமூஞ்சி வருகிறார். அவள் மெஷினின் பக்கம் குனிகிறார். எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். தினமும்.

அவளையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் பின்னலோடு வந்தவள், இப்போது கொண்டை போட்டிருந்தாள்.

"உன் மெஷின்ல ஏதாவது காணாம போச்சாம்மா?"

அவள் சிடுமூஞ்சியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இல்ல சார்."

மேனேஜர் சிடுமூஞ்சியிடம் திரும்பினார். "ஷூவை மாட்டி, ஹீலை வெச்சு, ரெண்டு கையாலயும் ரெண்டு பொத்தானை அமுக்கினா ஆணி இறங்கப்போகுது. இதுல எடுக்கறதுக்கு என்னய்யா இருக்கு?"

சிடுமூஞ்சி சட்டைப் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"மெஷின்ல கை வெச்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல? டெம்பரரினா அன்னைக்கே வெளியே. பர்மனென்ட்டுனா சஸ்பெண்ட். நீங்க பர்மனென்ட், அதனால தப்பிச்சீங்க."

"தெரியும் சார்."

சூப்பர்வைசர் பொறுமை இழந்து மைத்துனர் பையில் தானே கையை விட்டார். எடுத்ததை மேஜை மேல் போட்டார்.

தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டுகள். கறுப்பு, சிவப்பு, நீலம். ஒன்றில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பூ.

மேனேஜர் பேனா நுனியால் அவற்றைக் கிளறிப் பார்த்தார்.

"யாரோடது இதெல்லாம்?" என்றார் மேனேஜர்.

"என்னோடது."

மேனேஜர் அவர் தலையைப் பார்த்தார். ரப்பர் பேண்ட் போட அங்கே எதுவும் இல்லை.

"மாப்ளே, என் தங்கச்சிக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா சோறு கிடைக்காது மச்சான்."

மேனேஜர் ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். "பொறாமையால மெஷினைக் கெடுத்தார். சரியா?"

"பொறாமைன்னே போட்டுக்கோங்க சார்."

"நடத்தையும் சரியில்லைன்னு சேர்க்கட்டுமா?"

சிடுமூஞ்சி சற்று யோசித்தார். "இடம் இருந்தா சேர்த்துக்கோங்க."

"சார்" என்றாள் அந்தப் பெண்.

"நீ போலாம்மா. உனக்கு இனிமே தொந்தரவு இருக்காது."

"அதெல்லாம் என்னோடது சார். நான்தான் கட்டினேன்."

"எங்க கட்டினே?"

"வலது பொத்தான் மேல. அமுக்கி வெச்சு ரப்பர் பேண்டால இறுக்கிடுவேன். அப்புறம் ஒரு கையால ஹீலைப் பிடிச்சுக்கிட்டே, இன்னொரு கையால மத்த பொத்தானை அமுக்கலாம். வேகமா வரும். காலையில வந்து பார்த்தா கட்டினது இருக்காது. டீ டைம்ல யாரும் இல்லாதப்போ தலையில இருக்கிறதைக் கழட்டி மறுபடி கட்டுவேன்." அவள் கொண்டையைத் தொட்டுக்கொண்டாள். "இன்னைக்குக் கட்டினது இன்னும் மெஷின்லதான் இருக்கு."

"ஹீலைப் பிடிச்சுக்கிட்டேவா? ஆணி இறங்குற இடத்துலயா?"

அவள் தலையாட்டினாள்.

மேனேஜர் பேனாவை மூடினார். சிடுமூஞ்சியைப் பார்த்தார்.

"ஏன்யா, இதை என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா இவ வேலை போயிடும். சும்மா விட்டா விரல் போயிடும். எனக்குப் பேருதானே சார் போகுது? அது என்னைக்கு நல்லா இருந்துச்சு?" பிறகு அவள் பக்கம் திரும்பி உறுமினார். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமில்ல? எல்லாத்தையும் கெடுத்தே."

மேனேஜர் எழுதிய தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"நீ போய் முதல்ல அதை அவிழ்த்துட்டு வாம்மா" என்றார். பிறகு சூப்பர்வைசரிடம், "அந்தப் பலகையை அழிச்சிடுங்க. இனிமே அங்க யார் பேரும் வேண்டாம்."

அவள் கதவருகே போய்விட்டாள்.

"சார்" என்று சிடுமூஞ்சி மேஜையைக் காட்டினார். "அந்தப் பூ வெச்சதை மட்டும் இவகிட்ட குடுத்துடுங்க. இவ வீட்ல சின்னப் புள்ளை தேடும்."