அம்புஜத்தின் குடம்

கோபாலசாமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, மூடிக்கிடந்த மில்லின் கேட்டுக்கு முன்னால். காக்கிச் சட்டை, மடியில் டிபன் கேரியர். தூறல் விழத் தொடங்கியிருந்தது.

"ஏனுங்க, ஊட்டுக்குப் போகலீங்களா?"

"இன்னும் மில் சங்கு ஊதலீங்களே. நீங்க நடங்க, வாரேன்."

மில் தொண்ணூற்று மூன்றில் மூடியது. வேலையோடு அவர் புத்தியும் போய்விட்டது. தினமும் காலையில் கேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். யார் கூப்பிட்டாலும் அசைய மாட்டார்; விளக்கு வைக்கிற நேரத்தில் தானாக எழுந்து வீட்டுக்கு வருவார்.

மில்லுக்குப் பின்னால் எங்கள் வீதி. கோபாலசாமி வீட்டைத் தவிர எல்லாரும் மில் மூடிய பிறகு குடிவந்தவர்கள். அவர்களுக்குப் பயம் கோபாலசாமியிடம் அல்ல, அவர் மனைவி அம்புஜத்திடம்.

அம்புஜம் வாதத்தில் கால் போனவள். சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வீட்டுப் பின்பக்கப் பொடக்காளியிலிருந்து ஒரு ஊளை கிளம்பும். அடித்தொண்டையில் தொடங்கி, மெல்ல ஏறி, உச்சியில் நின்று, இறங்கும். தெருநாய்களும் சேர்ந்துகொள்ளும்.

பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் எட்டிப் பார்த்துவிட்டாள். அம்புஜம் வெறும் பித்தளைக் குடத்துக்குள் முகத்தை விட்டு ஊளையிடுகிறாள்!

நான் கோபாலசாமியைக் கடைசியாகப் பார்த்த அன்று காலைதான் பாவாத்தாள் போய்க் குடத்தைப் பிடுங்கினாள்.

"பேய்க்குடம்டி இது! விளக்கு வைக்கற நேரத்துல ஆரைக் கூப்புடறே?"

"குடத்த மட்டும் எடுக்காதீங்க்கா..."

அன்று சாயங்காலம் ஊளை இல்லை. மழை வலுத்தது. அம்புஜம் சுவரைத் தட்டித் தட்டிக் கெஞ்சினாளாம்.

"குடுத்துருங்க்கா. நேரமாச்சுங்க்கா."

பாவாத்தாள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

விடிந்தபோது கோபாலசாமி கேட்டில் சாய்ந்தபடி விறைத்துக் கிடந்தார்.

கூட வேலை பார்த்தவர்கள் சூலூர்ப் பக்கமிருந்து வந்து வாசலில் குந்தியிருந்தார்கள். உடம்பைக் குளிப்பாட்ட, பாவாத்தாள் அவசரத்தில் அதே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அம்புஜம் வாங்கினாள். தண்ணீரைக் கவிழ்த்தாள். முகத்தைக் குடத்துக்குள் விட்டாள்.

அதே குரல். அடியில் தொடங்கி, ஏறி, உச்சியில் நின்றது.

வாசலில் இருந்த மில்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் கை, இல்லாத டிபன் கேரியரைத் துழாவியது.

"ஷிப்ட் உட்டாச்சு" என்றார் அவர், தன்னை அறியாமல்.

அம்புஜம் குடத்தைப் பாவாத்தாளிடமே நீட்டினாள்.

"நீங்களே வெச்சுக்குங்க்கா. வரவேண்டியவரு வந்துட்டாரு."

குடம் இன்னும் பாவாத்தாள் வீட்டில் இருக்கிறது. அதில் அவள் தண்ணீர் பிடித்து யாரும் பார்த்ததில்லை.