இரண்டு உள்ளங்கை அளவு

கிணற்றடியில் சீலை மறைப்புக் கட்டி, வாங்குப் பலகையில், இறந்துபோன ஆயிஷா உம்மாவின் மையித்தைக் கிடத்தியிருந்தார்கள்.

குளிப்பாட்ட வந்த சபூறாவை ஆயிஷா உம்மாவின் மகள் முனவ்வறா குறுக்கே நின்று மறித்தாள்.

"கோவிக்காதீங்க ராத்தா. ஒங்கட கையப் பார்த்துச் சனம் கதைக்குது. சாய்ந்தமருதுல இருந்து றாஹிலாவக் கூப்பிட்டிருக்கம்."

சபூறாவுக்கு உச்சி சுட்டது.

தொண்ணூறாம் ஆண்டு ஊரடங்கில்கூடப் பின்வேலியால் போய் இந்த ஊர்ப் பெண்களைக் குளிப்பாட்டிய கைகள். "நீதான் என்னைக் குளிப்பாட்ட வேணும், வேற ஆரும் தொடப்படாது" என்று ஆயிஷா உம்மா பிடித்துச் சத்தியம் வாங்கிய கைகள்.

அவற்றில் இருப்பது சொரியாசிஸ். ஒட்டுகிற வருத்தமில்லை. ஒரு மாதத்தில் வளர வேண்டிய தோல் நாலைந்து நாளில் வளர்ந்துவிடுகிறது. உதிர நேரமில்லாமல் செதிலாக அடுக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான். டொக்டர் சொன்ன இதை அவள் ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. யார் கேட்டார்கள்?

மருந்துக்கும் முறை இருக்கிறது. செதிலைச் சுரண்டினால் இரத்தம் கசியும், வருத்தமும் கூடும். குளித்த ஈரம் காயுமுன் வசிலின் வைத்து இளக விட வேண்டும். அரைமணி நேரம் கழித்துத்தான் டியூப். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும். மயிர் படிந்த பக்கமாகத் தடவ வேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது.

இப்படி அளந்து பூசுகிறவளைத்தான், போன கிளினிக்கில், மருந்து கொடுக்கிறவர் வரிசைக்கு முன்னால் வைத்து ஏசினார்.

"ஒரு மாசத்து டியூப் பத்து நாளில முடியுதெண்டா, பட்டர் மாதிரிப் பாணுக்கா பூசுறீங்க?"

வரிசை சிரித்தது. அவள் டியூபைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

இப்போது இந்த முனவ்வறா. அஸர் தொழுகைக்குப் பிறகு தினமும் சபூறா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உம்மாவோடு இருந்தபோது இந்தக் கை இவள் கண்ணில் படவில்லையா? "அப்படி என்ன மூடுமந்திரக் கதை ரெண்டு பேருக்கும்" என்று கேலி பண்ணிக்கொண்டு கதவைத் தட்டித் தேத்தண்ணி நீட்டியவள்தானே? அந்தக் கோப்பையை இந்தக் கைதானே வாங்கியது?

றாஹிலா வந்து மறைப்புக்குள் போனாள். சொரசொரத்த துவாய்த் துண்டொன்றைக் கையில் சுற்றுவது சீலைக்கூடாகத் தெரிந்தது.

சபூறா போகத் திரும்பியவள் நின்றாள்.

"புள்ள, முதுகத் தேய்ச்சிராத. வெறுங்கையால கீழ்ப்பக்கமாத் தடவித் தண்ணி ஊத்து, காணும்."

முனவ்வறா அவளைப் பார்த்தாள்.

"ஏன் ராத்தா? உம்மாட முதுகில என்ன?"

மையித்தைக் குளிப்பாட்டுகிறவள் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. முனவ்வறாவுக்குக் கலியாணம் பேசத் தொடங்கிய நாளிலிருந்து ஆயிஷா உம்மா பொத்தி வைத்திருந்ததை, முனவ்வறாவின் வாசலில் வைத்து அவள் எப்படி அவிழ்ப்பாள்?

முனவ்வறா சீலையை விலக்கிக்கொண்டு மறைப்புக்குள் போனாள்.

சபூறா வாசல் கேற்றைத் தாண்டும்போது தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுபோனது.

வீட்டில், முந்தாநாள் பிரித்த டியூப் இருந்தது. இனி அது அவள் ஒருத்திக்குத்தான், மாதம் முழுக்க வரும்.