தரையில் உட்காராத மருமகள்

விடிந்தால் சுசோக், கொரியாவின் அறுவடைப் பண்டிகை. வீட்டுப் பெண்கள் கூடத்துத் தரையில் வட்டமாக உட்கார்ந்து சோங்பியன் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்ஹி மட்டும் அடுக்களை மேடையோரம் நின்றபடியே பிடித்தாள். எட்டாம் மாத வயிறு மேடையில் இடித்தது.

"சியோல் மருமகளுக்கு நம்ம வீட்டுத் தரை குத்துது போல," என்றாள் நாத்தனார் மிகியோங்.

குத்தத்தான் செய்தது. மூலநோய். மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் கூடத்தில் அதை எந்த வாயால் சொல்வது? கணவனிடமே அவள் இன்னும் சொல்லவில்லை.

மாமியார் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். பிள்ளைத்தாச்சி அழகாகப் பிடித்தால் பிள்ளையும் அழகாகப் பிறக்கும், வந்து உட்காரம்மா என்றார்.

அதற்குமேல் மறுக்கத் தெம்பில்லை.

உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மாவைக் குழித்து எள்ளுப் பூரணம் வைத்து மூடினாள். ஓரம் பிளந்துகொண்டது. அடுத்ததும் பிளந்தது. பிள்ளை வாயைப் பிளந்துகொண்டே பிறக்கும் என்று மிகியோங் சிரித்தாள்.

சொல்ஹி மெல்ல எழுந்து கழிவறைக்குப் போனாள்.

துடைத்த காகிதத்தில் ரத்தம். பளீரென்ற சிவப்பு.

எங்கிருந்து வந்தது என்று குனிந்து பார்க்க வயிறு விடவில்லை. கதவைத் திறந்து "அத்தை" என்று மாமியாரைக் கூப்பிட்டாள். கூடத்தில் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் மாமியார் வந்துவிட்டார், கையில் மாவோடு.

கதவைச் சாத்தினார். கையைக் கழுவிக்கொண்டு, கூச்சப்படாமல் குனிந்து பார்த்தார். குழந்தை அசைகிறதா என்று கேட்டார்.

வயிற்றில் ஓர் உதை விழுந்தது. அது மாமியாரின் கண்ணுக்கே தெரிந்தது.

"மூலம்டி. உன் புருஷனைச் சுமந்தப்ப எனக்கும் இப்படித்தான், நின்னுக்கிட்டேதான் சோறு தின்னேன்," என்றவர் பெருமூச்சு விட்டார். "எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம். இதைச் சொல்றதுக்கு என்னடி வெக்கம்?"

கதவு வழியே மகனிடம் காரை எடுக்கச் சொன்னார்.

சொல்ஹி சுவரில் சாய்ந்து அழுதாள். வலி தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இன்னும் வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

போன வருடம் உண்டான கரு ஒன்று, இந்த வீட்டில் யாரிடமும் சொல்வதற்கு முன்பே கலைந்துபோய்விட்டது.

அன்று ரத்தம் வந்தபோது, கொஞ்சம்கூட வலிக்கவில்லை.