மயில்வாகனத்தின் அம்மா

"எந்த நடிகருடைய அம்மா நீங்கள்?" என்று லண்டன் நாடக அரங்கின் பின்வாசலில் நின்ற காவலாளி ஆங்கிலத்தில் கேட்டார். வருடக்கணக்காகக் காணாத மகனைப் பார்க்க, அவனுக்குச் சொல்லாமலே யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த நாகபூசணி, "திருச்செல்வம்" என்றாள். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார் அவர். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேடையிலும் சினிமாவிலும் அவனை வெள்ளைக்காரர்கள் குடும்பப் பெயரால்தான் அழைக்கிறார்கள். குடும்பப் பெயர் என்று அவன் கொடுத்ததோ தகப்பனின் பெயர், மயில்வாகனம். கட்டிய புருஷனின் பெயரை அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. கூட வந்திருந்த பெயருக்குரியவரோ கழிவறை தேடிப் போயிருந்தார். நாடகம் முடிந்துவிட்டது, மகன் எந்த நேரமும் கிளம்பிவிடுவான். அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். சேலைத் தலைப்பை இரண்டு கைகளாலும் முதுகுக்குப் பின்னால் விரித்து, கழுத்தை வெட்டி வெட்டி நடந்தாள்.

"வான்கோழியா?" என்றார் காவலாளி.

அவள் ஆத்திரத்தோடு அகவினாள். வாகனத்தையும் காட்ட வேண்டுமே! முழங்காலை மடக்கி, இல்லாத பறவையின் மேல் ஏறியிருந்து, குலுங்கிக் குலுங்கிப் போனாள். நடிகர்களுக்காகக் காத்திருந்த கூட்டம் அவளைச் சூழ்ந்து கைதட்டியது. காவலாளி சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, நடிகர்கள் போய்வரும் கதவை அவளுக்கு அகலத் திறந்துவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கணவர் ஓடிவந்தார்.

"இஞ்சாரும், நடுத்தெருவில என்னப்பா கூத்து இது?"

"உங்கட பேரைத்தான் சொல்லிக்கொண்டு நிக்கிறன்" என்றாள் அவள், மூச்சு வாங்க.