சுண்டுவிரல்

பஸ் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நான்கு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்த நர்ஸ் ஜெசிந்தா, அன்று காலைதான் மறுபடி தன் பழைய வார்டுக்குள் நுழைந்தாள். ஜன்னல் வழியே வெயிலும் உப்புக்காற்றும் மிதந்து வந்தன. ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு இயந்திரக் கை, தண்ணீருக்குள் அசைகிற கொடிபோல, சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"ஊசி குத்துறதுக்கு முந்தி இது நம்ம சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிடும் சிஸ்டர்," என்றார் முதல் கட்டிலில் படுத்திருந்த உப்பளத் தொழிலாளி பிச்சையா. "ஏன்னு இன்ஜினியருக்கே தெரியலையாம். ஆனா பயம் போயிருது."

ஜெசிந்தாவுக்குத் தெரியும். அது அவளுடைய பழக்கம். விபத்துக்கு முன்னால் அவள் ஊசி போடுவதைப் பார்த்துத்தான் இந்தக் கைகள் வேலை பழகின.

"இன்னைக்கு நீங்களே போடுங்க," என்று கையை நீட்டினார் பிச்சையா.

நரம்பு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் ஊசி நடுங்கியது. இது முடியாவிட்டால் இனி ஃபைல் அடுக்குகிற வேலைதான். மேலேயிருந்த கை மெல்ல இறங்கி வந்தது. வாங்கிக்கொள்ளத்தான் வருகிறது என்று நினைத்து, கண் கலங்க ஊசியை நீட்டினாள்.

அது ஊசியைத் தொடவில்லை. சும்மா இருந்த அவள் இடது கையைத் தேடிப்போய், சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.