சுண்டுவிரல்

ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய மருந்துப்பெட்டிக்குத் தினமும் காலையில் நான்கு வயது இதழினியின் ரத்தம் ஒரு சொட்டு வேண்டும். அதில் கிருமியின் சுவடு இருந்தால்தான் அன்றைய ஆன்டிபயாடிக்கைத் தரும். நாளுக்கு ஒரு விரலாகக் குத்தி, ஐந்தாம் நாள் சுண்டுவிரலுக்கு வந்தபோது, “குத்தாதப்பா” என்று அவள் அழுத அழுகையில் துரைப்பாண்டிக்கு மனசு கேட்கவில்லை. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று தன் விரலைக் குத்தி அந்த ரத்தத்தைப் பெட்டியில் வைத்தான்.

“குணமாகிவிட்டது, இனி மருந்து வேண்டாம்” என்று சொல்லிப் பெட்டி பூட்டிக்கொண்டது. இதழினி கைதட்டிச் சிரித்தாள்.

அதற்கு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்திய நர்ஸ், “பெட்டியிலேருந்து ரத்தம் சுத்தமா இருக்குன்னுதானேண்ணே வந்துச்சு, அப்புறம் எப்படி?” என்று கேட்டாள்.

துரைப்பாண்டி துணிக்கு வெளியே கிடந்த மகளின் கையை எடுத்தான். சுண்டுவிரலில் மட்டும் குத்திய தடம் இல்லை.