இன்னொரு பூச்சு

இறக்கையின் மேல் ஒரு தூசி உட்கார்ந்திருந்தது.

அவர் விமானத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். இரண்டு உள்ளங்கைகளில் அடங்கிவிடும் மாடல். வெள்ளை உடம்பு, பக்கவாட்டில் ஒரு நீலப் பட்டை. ஓட்டப் பழகுகிறவர்கள் முதலில் ஏறும் சின்ன விமானம்.

தூசி என்று சொன்னால் தூசிக்கே கோபம் வரும். லென்ஸ் இல்லாமல் யார் கண்ணிலும் படாது.

அவர் கண்ணில் பட்டுவிட்டது.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தார். தேய்த்தார். மினுமினுப்பு போய் வெள்ளை மங்கியது. இனி மறுபடியும் வார்னிஷ் அடித்தாக வேண்டும். உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அப்படி வந்ததே வெட்கமாகவும் இருந்தது.

சாருலதா வாங்கிக்கொடுத்த மாடல் இது. ஃப்ளையிங் ஸ்கூலில் சேர்ந்த வாரம், பெட்டியை மேசைமேல் வைத்து, "நான் ஓட்டப்போறது இதத்தாம்பா" என்றாள். அப்பாவின் வேகம் மகளுக்குத் தெரியும். நான் கேப்டன் ஆனப்புறம்தான் முடிப்பீங்க என்று போனில் ஓட்டுவாள்.

அவள் கேப்டன் ஆகவில்லை. போன ஐப்பசியில் தனியாக ஓட்டிக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை.

நாளை வருஷ நினைவு.

மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். படத்துக்குப் பக்கத்தில் அந்த விமானம் இருக்க வேண்டும். அதில் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும்.

பெயர் தயாராக இருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டும் மெல்லிய படலம். சொரசொரப்பான பெயின்ட்டின் மேல் ஒட்டினால் அடியில் காற்று புகுந்து எழுத்தைச் சுற்றி வெள்ளிபோல் பூத்துவிடும். அதனால் முதலில் வழவழவென்று கிளியர் வார்னிஷ். அதன்மேல் பெயர். பெயருக்கு மேல் இன்னொரு பூச்சு. அவ்வளவுதான், விமானம் முடிந்துவிடும்.

முடிந்துவிடும் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வார்னிஷைத் தேர்ந்தெடுக்கவே மாதக்கணக்கில் இழுத்தார். எண்ணெய் வார்னிஷ் நன்றாக மின்னும். ஆனால் நாள்பட்டால் வெள்ளையை மஞ்சளாக்கிவிடும். மகளின் விமானம் மஞ்சளாகக் கூடாது. லாக்கர் வார்னிஷ் சட்டென்று காயும். அடியில் இருக்கும் பெயின்ட்டைக் கடித்துவிடும். கடைசியில் தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக்கை எடுத்தார். சாதுவான சரக்கு. காய நேரமாகும். அது அவருக்குப் பிடித்திருந்தது.

அதன்பிறகு சாக்குகள்.

பல்லாவரத்தில் மழை, ஈரத்தில் பூச்சு பால்போல் வெளுத்துவிட்டது என்றார். சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளிபுள்ளியாக இருக்கிறது என்றார். கொசு ஒட்டிவிட்டது என்றார். கொசு மட்டும் நிஜம்.

ஒவ்வொரு முறையும் லேசாகத் தேய்த்துவிட்டு மேலேயே அடித்தார். முழுதாகச் சுரண்டிவிட்டுத் தொடங்க மனம் வரவில்லை. அடியில் இருக்கும் வெள்ளை, சாருலதா லீவுக்கு வந்திருந்தபோது அவள் பார்க்க அவர் அடித்தது.

மாடல் செய்யும் நண்பர்களுக்கு அவர் சொல்லும் யோசனையே வேறு. மெல்லிசாக அடியுங்கள், போதும் என்று தோன்றுவதற்கு முன்னாலேயே நிறுத்துங்கள் என்பார்.

பூச்சைப் புகையாகத் தூவும் ஏர்பிரஷில் வார்னிஷை ஊற்றும்போது மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். படத்தைத் துடைத்த துணி இன்னும் தோளில் இருந்தது. இந்த மேசைப் பக்கம் அவள் வருவதே இல்லை.

கை நீட்டினாள். விமானத்தைக் கொடுத்தார். லென்ஸையும் கொடுத்தார்.

மூக்கிலிருந்து வால்வரை மெதுவாகப் பார்த்தாள். தூசியைப் பற்றிச் சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

"கதவு எங்கங்க?"

அவர் லென்ஸை வாங்கினார்.

ஜன்னலுக்குக் கீழே, கதவைச் சுற்றி, தலைமுடி கனத்தில் ஒரு பள்ளக் கோடு இருக்க வேண்டும். இந்த மாடலில் கதவு என்பதே அந்தக் கோடுதான்.

இல்லை.

விரலால் தடவினார். தட்டுப்படவில்லை. பூச்சின்மேல் பூச்சாக இறங்கி, பள்ளம் தூர்ந்து, பக்கம் முழுவதும் ஒரே மினுமினுப்பாக இருந்தது.

அன்று நடுவானில் என்ஜின் நின்றதும் சாருலதா பருத்திக் காட்டில் இறக்கியிருக்கிறாள். நன்றாகத்தான் இறக்கியிருக்கிறாள் என்று விசாரிக்க வந்த அதிகாரியே சொன்னார். காட்டில் வேலைசெய்தவர்கள் ஓடிவந்து பார்த்தபோது உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருந்தாளாம். கதவு நெளிந்துபோய்த் திறக்கவில்லை. பிறகு தீப்பிடித்துவிட்டது.

இருவரும் சேர்ந்து நின்றுதான் அதைக் கேட்டார்கள். அதன்பிறகு இந்த வீட்டில் அந்த வார்த்தை புழங்கவில்லை. சாத்து என்பார்கள், திற என்பார்கள். எதை என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது மனைவி சொல்லிவிட்டாள்.

"நானே மூடிட்டேனே" என்றார். மேசைமேல் கவிழ்ந்து, வருஷம் முழுக்க அழாததையெல்லாம் அழுதார்.

மனைவி தேற்றவில்லை. ஏர்பிரஷை எடுத்து ஓரமாக வைத்தாள். விமானத்தை இரண்டு கைகளாலும் மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீறும் ஊசியை எடுத்தார். கோடு இருந்த இடம் அவருக்கு மனப்பாடம். முதல் இழுப்பில் வார்னிஷ் நகத்துண்டுபோல் சுருண்டு வந்தது. அடுத்ததில் வெள்ளை வந்தது. மகள் பார்த்த வெள்ளை. ஊசி ஒரு இடத்தில் வழுக்கி நீலப் பட்டையில் கீறல் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. மேல்பக்கம், கீழ்ப்பக்கம், கைப்பிடிப் பக்கம். கடைசியில் கோடு கோட்டோடு சேர்ந்தது.

ஊதித் தூளைத் தள்ளினார்.

மனைவி குனிந்து லென்ஸ் வழியாகப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க" என்றாள்.